கோட்டைக்கு மூன்றாவது சாட்சி

பேச்சு வழக்குச் சொற்களைத் தொகுக்கும் அகராதி வகுப்பில் அவளுக்குப் பட்டப்பெயர் கமா. எதை எழுதினாலும் பாதியில் நின்று யோசிப்பாள். பகலில் சலவைக்கடையில் இஸ்திரி. மாலை ஆறு மணிக்கு இந்த வகுப்பு.

வகுப்பின் சட்டம் கறாரானது. ஒரு பொருள் அச்சேற வேண்டுமானால், மூன்று வெவ்வேறு தொழில்காரர்கள் அந்தப் பொருளில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க வேண்டும். கேட்டு வாங்கினால் செல்லாது. பேச்சோடு பேச்சாகத் தானாகக் காதில் விழ வேண்டும். யார், எங்கே, எப்போது என்று சீட்டில் குறிக்க வேண்டும்.

கமா எடுத்த சொல் 'கோட்டை'. மேகம் திரண்டு எழும்பினாலும் கோட்டை. அதற்கு ஐந்து சீட்டு சேர்ந்துவிட்டது. நிலாவைச் சுற்றி விழும் வெள்ளை வளையமும் கோட்டை, அதற்கு இரண்டுதான். கடை முதலாளியம்மா ஒன்று, வெள்ளையடிக்கும் மாமா ஒன்று.

அச்சுக்கு அனுப்ப வேண்டிய கடைசி மாலையன்று, வகுப்பை நடத்தும் பதிப்பாசிரியர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். வளையம் என்ற பொருள் வழக்கொழிந்துவிட்டது, வகுப்பு முடிந்ததும் அடித்துவிடுகிறேன் என்றார்.

"விடு கமா, நீ மனக்கோட்டை கட்டினதுக்கு நாங்க எல்லாருமே சாட்சி" என்று வாரினார் பக்கத்து பெஞ்சுத் தபால்காரர்.

கமாவும் சேர்ந்து சிரித்தாள். ஆனால் அவளால் அதை ஏற்க முடியவில்லை. துணியை ராத்திரி வெளியே காயவிடலாமா என்பது கடையில் தினமும் அந்த வளையம் விழுந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் முடிவாகும். உயிரோடு இருக்கும் சொல்லுக்குச் சாவோலை.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனாள். வாசற்படியில் முதுகைக் காட்டி நின்றபடி பதிப்பாசிரியர் போனில் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"மாடியில காயற துணிய எடுத்துடு. நிலா கோட்டை கட்டியிருக்கு. மழை வராம போகாது."

கமா சீட்டை வெளியே எடுத்தாள். சரியாகத்தான் கேட்டோமா? ஆசிரியர் சொன்னால் செல்லாது என்று சட்டத்தில் உண்டா? மனதுக்குள் வரி வரியாக ஓட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு வரியே இல்லை. சுவரில் வைத்துச் சீட்டை எழுதினாள்.

மேஜையில் வைத்ததும் அவர் படித்தார். காது சிவந்தது.

"ஒட்டுக் கேட்டியா?"

"காதுல தானா விழுந்துச்சு சார்."

அவர் சிரித்துவிட்டார். பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். தொழில் என்ற இடத்தில் தானே 'அகராதிப் பதிப்பாசிரியர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து நின்று, பதிவை வகுப்புக்குப் படித்துக் காட்டச் சொன்னார். கமா எங்கும் தயங்காமல், மேகத்தில் தொடங்கி நிலாவில் முடித்தாள். முதலில் கை தட்டியவர் தபால்காரர்.