மாமியாரின் சாப்பாட்டுப் படிவம்

தேனிலவுக்குச் சொகுசுக் கப்பல். முப்பதே பேர் ஏறும் சின்னக் கப்பல். அதில் தன் அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்திருப்பதைக் கணவன் நேற்றுத்தான் வாயைத் திறந்து சொன்னான். "அம்மா பாவம், தனியா என்ன பண்ணுவாங்க?"

புது மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பத்து நாளாக அவள் எதைச் சமைத்தாலும், "உப்பு, எண்ணெய், இனிப்பு எதுவும் எனக்கு ஆகாதும்மா" என்று விருந்தாளிகள் முன்னால் தட்டைத் தள்ளிவிட்டு, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேக்கை மொக்கும் மாமியார் அவள்.

கப்பலிலிருந்து சாப்பாட்டுப் படிவம் வந்தது. எழுதிக் கொடுத்தபடிதான் சாமான் ஏற்றுவார்கள். நடுக்கடலில் மாற்ற முடியாது. மாமியாரின் படிவத்தை மருமகளே நிரப்பி, கணவன் இருக்கும்போதே மாமியாரிடம் நீட்டினாள்.

"என்னம்மா எழுதியிருக்க?"

"எட்டு நாளும் உப்பில்லாத கஞ்சி, அவிச்ச காய். நீங்க எல்லார்கிட்டயும் சொல்றதைத்தான் எழுதினேன், அத்தை."

"பாத்தியாம்மா, உன்மேல எவ்வளவு அக்கறைன்னு!" கணவன் பூரித்துப்போனான்.

மாமியார் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

மருமகள் தன் படிவத்தை எடுத்தாள். மூன்று வேளையும் கேக் என்று எழுதினாள். உட்கார விரும்பும் இடம் எது என்று கேட்டிருந்தார்கள்.

'மாமியாருக்கு நேர் எதிரே' என்று எழுதினாள்.