தண்ணீர் வந்த உயரம்

மடவளையின் ஓயாக்கரை ஒழுங்கைக்குள் நுழைந்ததுமே யசோதாவுக்குச் சலித்துப் போயிற்று. எல்லா வீடும் பளபளவென்று நின்றன. நோன்பு வருகிறதென்றால் இந்த ஊரில் சுவருக்குப் பெயின்ட் அடிக்காமல் இருக்க மாட்டார்கள். புயல் வந்தால் என்ன, ஓயா என்ற அந்தச் சிற்றாறு வீட்டுக்குள் புகுந்தால் என்ன, நோன்புக்கு வீடு புதுசாகத் தெரிய வேண்டும். வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக் கோட்டின் உயரத்தை அளக்கத்தான் கண்டியிலிருந்து அவளை அனுப்பியிருந்தார்கள். பெயின்ட்டுக்கு அடியில் அந்தக் கோடு மறைந்துபோயிருந்தது.

ஒவ்வொரு வீட்டிலும் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது, முன்பு எப்போதெல்லாம் ஏறியது என்று கேட்டு எழுத வேண்டும். இடுப்புக்கு மேல் ஏறியிருந்தால் அந்த வீடு அபாய வலயத்தில் சேரும். சேர்ந்துவிட்டால் அங்கே குடியிருக்க முடியாது, பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கவும் முடியாது. வேறு காணி தருவார்களாம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் அவளுடைய தம்பி திலக்ஷனின் லயக் காம்பிராவையும் இப்படித்தான் மண்சரிவு அபாயம் என்று எழுதினார்கள். மாதக்கணக்காக அவன் பிள்ளைகுட்டிகளோடு பாடசாலை மண்டபத்தில் கிடக்கிறான். எழுதியது அவளில்லை, வேறொருவர். ஆனாலும் அவன் இப்போதெல்லாம் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

நிவாரணம் எழுத வந்தபோது இதே ஒழுங்கையில் ஆளாளுக்கு நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள். இன்று குனிந்து கணுக்காலைக் காட்டினார்கள். ஒரே வெள்ளம், ஒரே ஆட்கள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை, அவ்வளவு களைப்பு. டேப் பிடிக்கக் கூட வரும் கணேஸ் எலிக்காய்ச்சலில் படுத்துவிட்டான். பாதி வேலையை அவள் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தாள்.

கடைசி வீடு ஸக்கியாவுடையது. பின்சுவரைத் தொட்டுக்கொண்டு ஓயா ஓடுகிறது. கணவன் மௌத்தான பிறகு வாசலிலேயே சின்னக் கடை போட்டு, ஒரே மகள் இன்ஷிராவை வளர்த்து ஆளாக்கியவள் அவள். பெருநாள் கழிந்து இன்ஷிராவுக்குக் கலியாணம். இந்த வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு. மாப்பிள்ளை வீட்டார் ஒருமுறை வந்து ஓயாவை எட்டிப் பார்த்துவிட்டு, வலயம் எப்படி விழுகிறதென்று தெரிந்த பிறகு நாள் குறிக்கலாம் என்று சொல்லிப் போயிருந்தார்கள். ஸக்கியா இதையெல்லாம் தானாகவே கொட்டித் தீர்த்தாள்.

பழைய வெள்ளங்களைக் கேட்டபோது அவளும் ஒழுங்கைக்காரர்களைப் போலவே வீட்டில் நடந்த நல்லது கெட்டதை வைத்துத்தான் கணக்குச் சொன்னாள். வாப்பா மௌத்தான வருசம் வாசற்படி வரை வந்தது, இன்ஷிராவை ஓத அனுப்பிய வருசம் கடைக்குள் வந்தது. இந்தமுறை கணுக்கால் அளவுதான், அதுவும் கொஞ்ச நேரம்தான். சொல்லும்போது அவள் கை புதுப் பச்சைப் பெயின்ட்டைத் தடவிக்கொண்டே இருந்தது.

குசினியிலிருந்து யசோதாவுக்கு இஞ்சி போட்ட, பால் சேர்க்காத பிளேன்டி வந்தது. குடித்துவிட்டுக் கதிரையில் தலையைச் சாய்த்தாள். ஒரு நிமிடம் கண்ணை மூடலாம் என்றுதான் சாய்ந்தாள். மூடுவதற்குள், சுவரில் தலைக்கு மேல் உயரத்தில் அடித்திருந்த பலகைத் தட்டு கண்ணில் பட்டது. அதில் குர்ஆன் இருந்தது. உறை புதிது. ஆனால் உள்ளே புத்தகம் ஊதிப்போய், அட்டை மூடாமல் வாய் பிளந்து நின்றது. தாள்களின் ஓரமெல்லாம் ஓயாவின் சேற்று நிறம்.

இந்த ஊரில் வேலை செய்து பழகியவளுக்கு அது போதும். எந்த வீட்டிலும் குர்ஆனைத் தாழ வைக்க மாட்டார்கள். அது நனைய வேண்டுமென்றால் தண்ணீர்தான் அந்தத் தட்டு வரை ஏறிப் போயிருக்க வேண்டும்.

பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று யசோதா மனதாரவே நினைத்தாள். கணுக்கால் என்று எழுதிவிட்டுப் பஸ் ஏறினால் யாரும் கேட்கப் போவதில்லை. ஒரு கலியாணம் நடக்கும். திலக்ஷனைப் போல இன்னொரு குடும்பம் மண்டபத்தில் கிடக்க வேண்டியதில்லை. பேனாவைத் திறந்துகூட விட்டாள். ஆனால் அடுத்த புயலுக்கும் வெள்ளம் இதே ஓயாவில்தானே வரும்.

"அக்கா, அந்தக் குர்ஆன் எப்படிங்க நனைஞ்சிச்சு?" என்று கேட்டாள்.

கூரை ஒழுகியது என்று சொல்லத் தொடங்கிய ஸக்கியா பாதியில் நின்றாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள். "அத வெச்சுப் பொய் செல்ல ஏலா மிஸ்," என்றாள். பிறகு, "இந்த ஊட்ட உட்டா என்ட புள்ளைக்குக் குடுக்க எனக்கு வேற ஒண்டுமில்ல," என்றாள்.

காணி கிடைக்கும் என்று ஆறுதல் சொல்ல யசோதாவுக்கு வாய் வரவில்லை. தன் தம்பிக்கே இன்னும் கிடைக்கவில்லை என்ற உண்மையைத்தான் சொன்னாள். சொன்ன பிறகு தன் வேலையின் மீதே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

அதுவரை குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இன்ஷிரா உள்ளே வந்தாள். மேசையில் கிடந்த யசோதாவின் பென்சிலை எடுத்தாள். கதிரையில் ஏறி, அந்தப் பலகைத் தட்டுக்குச் சற்று மேலே, புதுப் பெயின்ட்டின் மேல் அழுத்தி ஒரு கோடு இழுத்தாள். ஸக்கியா பதறிப்போய்ச் சுவரைத் துடைக்கக் கையை நீட்டினாள். இன்ஷிரா குனிந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, அண்டைக்கு என்னய அலுமாரிக்கு மேல ஏத்தி உட்டுட்டு நீங்க ஜன்னல் கம்பியில தொங்கினீங்க. நாளைக்கு என்ட புள்ளய நான் எங்க ஏத்துற?"

ஸக்கியா கையை இழுத்துக்கொள்ளவில்லை. வெளியே ஓயா ஒன்றும் தெரியாததுபோலச் சலசலத்துக்கொண்டிருந்தது. யசோதா டேப்பை எடுத்து இன்ஷிராவிடம் நீட்டினாள். இன்ஷிரா அதைக் கோட்டோடு சேர்த்துப் பிடித்தாள். கீழ்முனை சுருண்டு சுருண்டு மேலே ஏறியது. யசோதா ஒரு கையில் பேனாவோடு குனிந்து அதைப் பிடிக்கப் பார்த்தாள்.

அதற்குள் ஸக்கியா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓடிய டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்து, சுவரும் தரையும் சேருமிடத்தில் பெருவிரலால் அழுத்தினாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. துடைத்தால் பிடி விட்டுப்போகும் என்று அவள் துடைக்கவில்லை.

"சரியாப் புடிச்சிக்கிறனா மிஸ்?" என்று கேட்டாள்.