ஐயாசாமிக்கு நூற்றுக்கு நூறு

என் இணைய வகுப்பில் பத்துப் பேர். அதில் ஒன்பது பேர் ஒரு நாள்கூட வகுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை என்று சிஸ்டம் சொன்னது. பத்தாவது ஆள் ஐயாசாமி. அவர் ஒரு பாடம் விடவில்லை, ஒரு தேர்வு விடவில்லை. அவர் வரிசை முழுக்கப் பச்சை டிக். மற்ற ஒன்பது பேரும் பெண்கள், அவர்கள் வரிசையிலெல்லாம் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்று சிவப்பாக இருந்தது.

நான் மலர். ஸ்கூடாயில் ஓர் இடைநிலைப் பள்ளியில் மலாய் மொழி ஆசிரியை. பள்ளி இறுதி எஸ்.பி.எம். தேர்வில் மலாய் தேறாததால் சான்றிதழே கிடைக்காமல் போனவர்களுக்காக இந்த வகுப்பைத் தொடங்கினேன். எல்லாரும் பாசிர் கூடாங்கில் ஒரே தொழிற்சாலையில், அவர்கள் பேச்சில் ‘கிலாங்’கில், வேலை செய்பவர்கள். வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும், ஞாயிறு வகுப்பெல்லாம் அவர்களுக்குச் சரிப்படாது. அதனால் இலவசத் தளம் ஒன்றைப் பிடித்தேன். இலவசம் என்றால் காசை வாங்காது, உயிரை வாங்கும். குரல் பதிவை ஏற்றினால் பாதியில் நின்றுவிடும். உதவி கேட்டால், உதவி கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும் என்று பதில் வரும். அதோடு மல்லுக்கட்டித்தான் எல்லாப் பாடங்களையும் ஏற்றி முடித்தேன்.

எல்லாம் தனலெட்சுமிக்காக ஆரம்பித்தது. வகுப்பு வேண்டும் என்று முதலில் வந்து கேட்டவள் அவள்தான். மூன்று வருடமாக லைன் லீடர் வேலையைப் பார்க்கிறாள், ஆனால் ‘தற்காலிகம்’ என்ற ஒட்டு மட்டும் போகவில்லை. இந்த ஆண்டு மறுதேர்வில் மலாய் தேறவில்லை என்றால் பழையபடி மெஷினுக்கே போக வேண்டியதுதான் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. தேர்வோ வேலை நாளில் வருகிறது. எங்கள் வட்டாரத் தமிழர் சங்கத்தின் கல்விக் குழு யார் பெயரை அனுப்புகிறதோ அவர்களுக்குத்தான் தொழிற்சாலை லீவு தரும்.

முன்பெல்லாம் அந்தப் பெயர்கள் சிபாரிசில் போகும். குழுவில் இருப்பவரின் மைத்துனி, மைத்துனியின் தோழி என்று போகும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த முறை யார் பாடங்களை முடித்ததாக சிஸ்டம் காட்டுகிறதோ அவர்கள் பெயர் மட்டும்தான் போக வேண்டும் என்று கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசினேன். குழுத் தலைவர் மதிவாணன் முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு சரி என்றார்.

இப்போது பெயர் கொடுக்கும் நாள் வந்துவிட்டது, என்னிடம் இருப்பதோ ஐயாசாமி. யார் இந்த மனிதர் என்று எனக்குத் தெரியாது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு படம் மட்டும் தளத்தில் இருந்தது. தொழிற்சாலையில் வேலை செய்யும் யாரோ பெரியவர், பெண்களோடு சேர்ந்துகொண்டார் என்று நினைத்திருந்தேன். முந்தைய நாள் பொறுக்க முடியாமல் வாட்ஸ்அப் குழுவில் குரல் செய்தி போட்டுத் திட்டினேன்.

“இந்த வயசுல ஐயாசாமி அண்ணன் ஒரு பாடம் விடாம படிக்கிறாரு. உங்களுக்கெல்லாம் என்னா கேடு? வெக்கமா இல்ல?”

பதிலாக விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. எனக்கு ரத்தம் கொதித்தது. பள்ளி விடுமுறைதான், நேரிலேயே போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று மறுநாள் மதிய ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன்.

பஸ் வந்து நின்றது. கதவு திறந்ததும் உள்ளே யாரோ மலாயில் உரக்கப் பாடம் நடத்துவது கேட்டது. அது என் குரல். டிரைவர் இருக்கையில் கறுப்புக் கண்ணாடியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“ஏறுங்க டீச்சர். நாந்தான் ஐயாசாமி.”

ஏறினேன், பஸ் நகர்ந்தது. அவருடைய போன் முன்கண்ணாடி ஓரமாக மாட்டியிருந்தது, அதிலிருந்து பஸ் ஒலிபெருக்கிக்கு ஒரு வயர் போயிருந்தது. என் குரல் கேள்வியை வாசித்து முடித்ததும் தனலெட்சுமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். என்னை அவள் இன்னும் பார்க்கவில்லை.

“ஏ-ன்னு சொல்றவங்க கை தூக்கு!”

மூன்று கைகள் எழுந்தன.

“பி?”

மற்ற கைகள் எழுந்தன. ஏ என்று தூக்கியவர்கள் விடவில்லை, ஏன் ஏ-தான் சரி என்று சண்டைக்கு வந்தார்கள். மற்றவர்கள் ஏன் பி என்று விளக்கினார்கள். ஒருத்தி கையை மாற்றித் தூக்கினாள். சிவப்பு விளக்கில் பஸ் நின்றதும் தனலெட்சுமி முன்னால் வந்து ஐயாசாமியின் போனில் பி-யைத் தொட்டாள். பச்சை டிக் விழுந்தது. அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

“அலமாக்! டீச்சர், என்னா இந்தப் பக்கம்?”

“உங்க ஐடி எல்லாம் என்னா ஆச்சு?” என்று கத்தினேன்.

முன் இருக்கையில் இருந்த காளியம்மா பதில் சொன்னாள். “ஈமெயில் போன் கடையில போட்டுக் கொடுத்தது டீச்சர். பாஸ்வேர்டு அவங்களுக்கே தெரியாதாம். அண்ணன் ஐடி ஒன்னுதான் உள்ள போச்சு. கிலாங்குல போனை கேட்லயே வாங்கி வச்சிக்கிறாங்க. வீட்டுக்குப் போனா பிள்ளைங்க புடுங்கிக்குதுங்க. எங்களுக்கு இந்த பஸ்ஸுல மட்டுந்தான் நேரம்.”

“பாடம் படிச்சாப் போதாதா டீச்சர்? யாரு பேருல இருந்தா என்னா லா?” என்றாள் தனலெட்சுமி.

எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. பெயர்தான் எல்லாம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சொன்னேன். சிஸ்டத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் லீவு, இன்று மாலை ஐந்து மணிக்குள் பெயர் போய்ச் சேர வேண்டும் என்றேன். ஒலிபெருக்கியில் நான் மட்டும் அடுத்த பாடத்தை உற்சாகமாகத் தொடங்கிக்கொண்டிருந்தேன்.

“யாராச்சும் அந்த வாயை மூடுங்க,” என்றேன். ஐயாசாமி அண்ணன் வயரைப் பிடுங்கினார்.

அங்கிருந்தே மதிவாணனுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

“சிஸ்டம் என்னா காட்டுது டீச்சர்?”

“ஐயாசாமின்னு காட்டுது.”

“அப்ப ஐயாசாமி பேரை அனுப்பிடறேன்.”

“அவரு பஸ் டிரைவருங்க!”

“டிரைவர் படிக்கக்கூடாதுன்னு சட்டமா?”

“நான் மத்தவங்களுக்கும் கையால டிக் போட்டு அனுப்பறேன். பாடம் நடத்துனவ நான், எனக்குத் தெரியாதா?”

“கையால போட்டா மஞ்சளா வரும்னு கூட்டத்துல நீங்கதானே காட்டுனீங்க? சிபாரிசு கூடாது, சிஸ்டம்தான்னு சொன்னதும் நீங்கதான். இப்ப நான் மாத்துனா என்னை யாரு மதிப்பா? அஞ்சு மணிக்குள்ள அனுப்புங்க.”

வைத்துவிட்டார். என் கத்தியையே எடுத்து என்னைக் குத்திவிட்டார். புதிதாக ஐடி திறந்து எல்லாப் பாடங்களையும் ஐந்து மணிக்குள் முடிப்பதும் நடக்காது. அவர்கள் உள்ளே போனதும் போன் கேட்டில் போய்விடும்.

“என் பேரை எடுத்துடுங்க டீச்சர். எனக்கு எதுக்கு?” என்றார் ஐயாசாமி அண்ணன்.

அவர் சும்மாதான் சொன்னார். ஆனால் அது முடியும். டிக்கைத் தொட்டால் மஞ்சளாகும், பெயரைத் தொட்டால் எந்த அடையாளமும் விழாது. என் பெயரையே ஒருமுறை அப்படித் திருத்தியிருக்கிறேன். அதை அவர்களிடம் சொன்னேன். ஒரு பெயரைத்தான் போட முடியும் என்பதையும் சொன்னேன். சிபாரிசை ஒழிக்கப் புறப்பட்ட நான் இதைச் சொல்வதை நினைத்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

காளியம்மா மெதுவாக எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“தனலெட்சுமின்னு சொல்றவங்க கை தூக்கு!”

மற்ற எல்லாக் கைகளும் எழுந்தன. டிரைவர் இருக்கையிலிருந்தும் ஒரு கை எழுந்தது.

“வேணாம்!” என்று தனலெட்சுமி கத்தினாள். “எல்லாருந்தானே படிச்சோம்? போனா எல்லாரும் போவோம், இல்லாட்டி ஒருத்தரும் வேணாம்.”

“நாங்க அடுத்த வருசம் எழுதிக்கிறோம். உனக்கு அடுத்த வருசம் இல்ல,” என்றாள் காளியம்மா. “நீதானே தெனம் சொல்லுவ, கை எதுக்கு அதிகமோ அதான் பதில்னு?”

தனலெட்சுமி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். அவள் அழுததைப் பார்த்து எனக்கு யார் மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை. மதிவாணன் மேலா, தளத்தின் மேலா, என் மேலா?

போனை எடுத்தேன். ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்க முடியாது என்பதால் முதலில் உண்மையான தனலெட்சுமியை நீக்க வேண்டியிருந்தது. ‘இந்த மாணவர் ஒருமுறையும் வகுப்புக்கு வரவில்லை. நீக்கலாமா?’ என்று கேட்டது. ஆம் என்றேன். பிறகு ஐயாசாமியைத் தனலெட்சுமி ஆக்கினேன். பச்சை டிக் எல்லாம் அப்படியே இருந்தன. சிஸ்டம் காட்டுவதுதான் பெயர் என்றவர் இனி மறுக்க முடியாது என்று மதிவாணனுக்கு அனுப்பினேன்.

அதற்குள் தளம் இன்னொரு கட்டத்தைத் திறந்தது. ‘மீதி எட்டு மாணவர்களும் பாடத்தில் ஆர்வம் காட்டவில்லை. நினைவூட்டல் அனுப்பலாமா?’

நிமிர்ந்து பார்த்தேன். தூக்கிய கையை இன்னும் இறக்காமல் எட்டுப் பேரும் என் முன்னால் இருந்தார்கள்.