பதிமூன்று மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடியும் தறுவாயில், வேகவைத்த மாட்டிறைச்சித் தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு வலேரி மூன்று கையேடுகளை மேசையில் பரப்பினாள். பிப்ரவரிப் பள்ளி விடுமுறைக்குப் பனிச்சறுக்குக்குப் போகும் இடத்தை எப்போதும் அவள் அப்பாதான் முடிவு செய்வார். மற்றவர்கள் பெட்டி கட்டுவார்கள். "இந்த வருஷம் அன்செல்ம் சொல்ற எடம்தான். போன தடவை ஆறு நாளும் கார் நிறுத்துற எடத்துல நம்ம பையை எல்லாம் காத்துக்கிட்டு ஒரே பேப்பரை மூணு தடவை படிச்சிருக்கான்," என்றாள்.

அன்செல்முக்குச் சறுக்கத் தெரியாது. ஏரியும் நாணலும் திராட்சைத் தோட்டமுமாகக் கிடக்கும் கிழக்குச் சமவெளியில் பிறந்தவன். அங்கே மேடு என்றால் ரயில் பாலம்தான். வியன்னாவுக்கு வந்து டிராம் ஓட்டுநரானான். மூன்று வயதிலேயே காலில் சறுக்குப் பலகை மாட்டி மலையிலிருந்து உருட்டிவிடப்பட்ட ஒரு பெண்ணைக் காதலித்துக் கட்டிக்கொண்டான். இந்த நாட்டில் சறுக்கத் தெரியாதவனை யாரும் திட்டுவதில்லை. கையில் தெர்மாஸைக் கொடுத்து ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள், அவ்வளவுதான்.

"அப்பாவுக்கு சுடுதண்ணிக் குளம் இருந்தா போதும். நீர்யானை மாதிரி நாள் பூரா ஊறிக்கிட்டுக் கெடப்பார்," என்றாள் பதினொரு வயது மகள் தேக்லா.

மேசையின் தலைமாட்டில் மாமனார் வாயைத் துடைத்துக்கொண்டார். எழுபத்து நான்கு வயது. நிதித்துறையில் சட்ட அதிகாரியாக இருந்து ஹோஃப்ராட் என்ற பட்டத்தோடு ஓய்வு பெற்றவர். கதவிலிருந்த பெயர்ப்பலகையில் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம்தான் பெரிதாக இருந்தது. "நீங்க என்ன நினைக்கிறீங்க, அன்செல்ம்?" என்று கேட்டார்.

அந்த 'நீங்க'தான் விஷயமே. கல்யாணமாகிப் பதினாலு வருடமாகிறது. இன்னும் மாமனார் 'நீங்க', மருமகன் 'நீங்க, ஹோஃப்ராட் ஐயா'. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது மரியாதை. வீட்டுக்குள் அது, வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசி அனுப்புகிற மாதிரி. மகள் அவரை நீ என்பாள், பேத்தி நீ என்பாள். வலேரியின் தம்பி கூட்டி வந்த புதுப் பெண்ணுக்கு மூன்றாவது நாளே கோப்பையை நீட்டி, "இனிமே நீன்னே கூப்பிடு," என்று சொல்லிவிட்டார். வயதில் பெரியவர்தான் அதைக் கொடுக்க முடியும். சின்னவன் கேட்டு வாங்க முடியாது. கேட்டால் கேவலம். கல்யாணத்தன்று அன்செல்ம் எதிர்பார்த்தான். குழந்தை பிறந்தபோது நிச்சயம் என்றே நினைத்தான். பிறகு நினைப்பதை நிறுத்திவிட்டதாகச் சொல்லிக்கொண்டான். ஆனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் டிராம் பணிமனையிலிருந்து சீருடையை மாற்றிக்கொண்டு இங்கே வரும்போது இன்றைக்காவது சொல்லிவிடுவாரோ என்று எதிர்பார்க்கத்தான் செய்தான்.

ஆனால் மலைக்கு வேறு சட்டம். ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேலே போய்விட்டால் யாரும் யாரையும் 'நீங்க' என்பதில்லை. அமைச்சரானாலும் அடுப்புத் துடைக்கிறவரானாலும் அங்கே எல்லோரும் 'நீ'தான். ஹோஃப்ராட் இந்த வழக்கத்தை விரலால் மேசையைத் தட்டித் தட்டிப் பெருமையாகச் சொல்வார். அவருடைய அலுவலகத்தில் கோப்பு தூக்கிய ஆள் ஒருநாள் மேலே மலைவிடுதியில் அவரை, "தள்ளி உக்காருய்யா நீ," என்றானாம். இவரும் தள்ளி உட்கார்ந்தாராம். திங்கட்கிழமை அலுவலகத்தில் மறுபடி இருவரும் நீங்கதானாம். இதைக் கேட்கும்போதெல்லாம் அன்செல்ம் தன்னைப் பற்றித்தான் நினைத்துக்கொள்வான். பதினாலு வருடத்தில் அவன் ஒருமுறைகூட மேலே போனதில்லை. அவர் இதுவரை தேர்ந்தெடுத்த ஊர்களில் எல்லாம் கிராமம் கீழே. மேலே போகும் தொங்கு நாற்காலியில் சறுக்குப் பலகை மாட்டியவர்களுக்கு மட்டும்தான் இடம்.

மூன்று கையேடுகளையும் அவன் ஏற்கெனவே டிராம் திரும்பும் நிறுத்தங்களில் உட்கார்ந்து கரைத்துக் குடித்திருந்தான். முதல் ஊரில் வெந்நீர்க் குளம், கடைவீதி, குதிரைவண்டி எல்லாம் உண்டு, மேலே போக வழியில்லை. இரண்டாவது ஊர் ஆயிரத்து நானூறு மீட்டரில். ஆனால் காலையிலிருந்தே பாட்டு அலறும், ஹோஃப்ராட் காரைவிட்டு இறங்கமாட்டார். மூன்றாவது லெர்ஹென்போடன். கிராமம் அறுநூற்று நாற்பதில், உச்சி ஆயிரத்து எண்ணூற்று எழுபதில். வரைபடத்தில் ரோப்கார் கோட்டுக்குப் பக்கத்தில் நடக்கிற மனிதன் படம் போட்டு, 'நடந்து வருவோருக்கும் உண்டு' என்று எழுதியிருந்தது.

"லெர்ஹென்போடன்," என்றான்.

"அங்கயா? செங்குத்தா ஒரு சரிவுகூட கிடையாதே," என்றாள் வலேரி. "அப்பாவுக்கு அது தாலாட்டு மாதிரி இருக்கும்."

"லெர்ஹென்போடனே போகலாம்," என்றார் ஹோஃப்ராட் உடனே. "நல்ல ஊர். காத்து நல்லாருக்கும்."

காற்றுக்காக அவர் எந்த ஊருக்கும் போனதாக யாருக்கும் நினைவில்லை. அன்செல்முக்கு இருந்த சந்தோஷத்தில் அதெல்லாம் உறைக்கவில்லை.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ஹோஃப்ராட் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிட்டார். "உங்களோட வந்தா நான் ஊர்ந்துதான் போகணும்," என்று பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒரு மணிநேரம் கழித்து வலேரியும் தேக்லாவும் போனார்கள். அன்செல்ம் சவரம் செய்து, நல்ல கம்பளிச் சட்டை போட்டு, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி ரோப்காரில் ஏறினான். மதியம் உச்சி விடுதியில் எல்லோரும் சூப் குடிப்பதாக ஏற்பாடு. கண்ணாடிக்கு வெளியே மரங்கள் கீழே போய்க்கொண்டிருந்தன. 'நீ சூப் எடுத்துக்கிறியா?' என்று அவர் கேட்பதாகவும், தான் சாதாரணமாகத் தலையாட்டுவதாகவும் இரண்டு மூன்று விதமாக ஒத்திகை பார்த்துக்கொண்டான்.

வண்டி நடுநிலையத்தில் நின்றது. "எறங்குங்க," என்றான் சிப்பந்தி. "இதுக்கு மேல நாற்காலிதான். பலகை இல்லாம விடமாட்டோம்."

"நடந்து வர்றவங்களுக்கும் உண்டுன்னு போட்டிருந்துச்சே?"

"இதுவரைக்கும் உண்டு."

சிப்பந்தியின் தலைக்கு மேல் நீலப் பலகை: 987 மீ. அன்செல்ம் அதை இரண்டு தடவை படித்தான். டிராமில் நிறுத்தம் தவறிப்போய்ப் புலம்பும் பயணிகளிடம், வரைபடத்தை முழுசாகப் பார்த்திருக்கணும் என்று தினம் சொல்கிறவன் அவன். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நிலையத்தை ஒட்டியிருந்த விடுதிக்குள் போனான்.

மூலையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஹோஃப்ராட் உட்கார்ந்திருந்தார். எதிரே காலிக் கோப்பை. சறுக்குக் காலணிகள் கட்டப்படாமல் திறந்து கிடந்தன. அதில் ஒரு பொட்டுப் பனி இல்லை. வாசலில் சாய்த்திருந்த பலகைகளும் காய்ந்தே இருந்தன என்பது அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

"ஒரு சுத்து போயிட்டு வந்தேன்," என்றார். பிறகு அவன் பார்வை போன இடத்தைப் பார்த்தார். "உக்காருங்க."

உட்கார்ந்தான்.

"இடுப்பு. நவம்பர்லயே சொல்லிட்டாங்க. இனி ஒரு தடவை விழுந்தா நாற்காலிதானாம், அதுவும் சக்கர நாற்காலி." கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "வலேரிக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். நீங்க இந்த ஊரைச் சொன்னப்ப எனக்கு உசிர் வந்துச்சு. நடக்கறவங்களும் வரலாம்னு போட்டிருந்துச்சில்ல, அதை நானும் பார்த்தேன்."

அன்செல்முக்கு முதலில் கோபம்தான் வந்தது. பதினாலு வருடம் கீழே பெஞ்சில் கிடந்தவனை ஒரு தடவைகூட எட்டிப் பார்க்காத மனிதர், ஒரு காலை நேரம் தனியாக உட்கார்ந்ததற்கே இப்படி ஒடுங்கிவிட்டாரே என்று இருந்தது. அடுத்த நொடியே அந்தத் திறந்து கிடந்த காலணிகளைப் பார்க்கச் சகிக்கவில்லை. தனியாக உட்கார்ந்திருப்பது எப்படி என்று அந்தக் குடும்பத்தில் அவனைவிட யாருக்குத் தெரியும்!

"ரெண்டாவது நாள்தான் கஷ்டம், ஹோஃப்ராட் ஐயா," என்றான். "மூணாவது நாள்ல இருந்து பழகிடும். பேப்பரை மட்டும் முதல் நாளே முடிச்சிடக்கூடாது."

கிழவர் சிரித்தார். சத்தமில்லாமல், தோள் மட்டும் குலுங்க. பிறகு ஜன்னலைப் பார்த்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். சரிவில் ஒரு சிவப்புச் சட்டையும் ஒரு மஞ்சள் சட்டையும் வளைந்து வளைந்து இறங்கி வந்துகொண்டிருந்தன. வலேரியும் தேக்லாவும். அவனுக்கு மேலே வர வழியில்லை என்று தெரிந்து தேடி வருகிறார்கள் போலிருக்கிறது.

ஹோஃப்ராட் எழுந்தார். கை காலணிக் கொக்கியைத் தேடியது, பிடிபடவில்லை. அன்செல்ம் மண்டியிட்டு நான்கு கொக்கிகளையும் அழுத்திப் பூட்டினான், அவரைக் கைத்தாங்கலாகக் கொல்லைக் கதவு வழியாக வெளியே கூட்டி வந்தான். வாசலிலிருந்த பலகைகளை எடுத்து வந்து பனியில் புரட்டினான். அவருடைய முழங்காலில் ஒரு கை பனியை அப்பினான், சட்டைக் கையில் தேய்த்தான், தொப்பியில் கொஞ்சம் தூவினான். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தான். தினமும் மூன்று தடவை மலையிறங்குகிறவர் மாதிரிதான் இருந்தார்.

மறுபக்கம் தேக்லா அப்பாவைக் கூப்பிடும் குரல் கேட்டது.

ஹோஃப்ராட் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் திரும்பினார். எண்ணெய் தேய்த்துக்கொள்ள நிற்கும் குழந்தை மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"முதுகுல போடு," என்றார். "சீக்கிரம். இன்னும் கொஞ்சம் போடு."

அன்செல்ம் குனிந்து, இரண்டு கையாலும் பனியை அள்ளினான்.