அன்றே கட்டாத செக்

1

இந்தக் கதை ஒரு சுற்றறிக்கையில் பிறந்தது. ஏதோ ஒரு பல்கலைக்கழகத் துறை அலுவலகத்தில் காத்திருந்தபோது சுவரில் வாசித்தேன்: ‘துறைக்கு வரும் காசோலையைப் பதிவேட்டில் ஏற்றி, பின்புறம் முத்திரையிட்டு, அன்றே வங்கியில் கட்ட வேண்டும்.’ ‘அன்றே’ என்ற சொல்லுக்குக் கீழே யாரோ பேனாவால் இரண்டு கோடு இழுத்திருந்தார்கள். அந்தக் கைக்கு என்ன நேர்ந்ததோ என்று யோசித்தபடியே வீடு வந்தேன். மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: ‘ஜவ்வாது மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த…’

(வேண்டாம். பனிக்கும் செக்குக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: திரௌபதி, மலைமேல் இருக்கும் தாவரவியல் துறை ஆய்வு மையத்தில் எழுத்தர். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். வங்கியும் கீழே ஒடுகத்தூரில்தான்; மதிய பஸ்ஸில் இறங்கினால்தான் திறந்திருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை, ஆய்வு மாணவி ரம்யா செக் கொண்டுவந்தாள். ஆய்வேடு சமர்ப்பிக்கும் கட்டணம். மலைக்காரப் பெண், ஐந்து வருடம் சாமை விதைகளோடு மல்லுக்கட்டியவள்.

“இன்னிக்கே கட்டிடுங்கக்கா. பணம் ஏறுனாதான் தீசிஸை வாங்குவாங்களாம்.”

“கட்டிர்றேன், போ.”

முத்திரை குத்தினாள். சலான் எழுதினாள். ஆனால் அன்று மதிய பஸ் வரவில்லை, அதனால்

3

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். பொய். பஸ் வந்தது. திரௌபதியை எனக்குப் பிடித்துப்போனதால் ஒரு சாக்கு தேடினேன். அவளுக்கு அன்று அலுப்பு, அவ்வளவுதான். நாளைக்கு ஆகட்டும் என்று இழுப்பறையில் வைத்தாள். (நாம் எல்லாரும் செய்வதுதான்.) நாளை, நாளை மறுநாள் ஆயிற்று.

புதன்கிழமை ரம்யாவுக்குக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை வேலூருக்குக் கொண்டுபோகும் வழியிலேயே இறந்துபோனாள்.

ஒரு வாரம் அந்தச் செக்கைத் தொடத் திரௌபதிக்குத் தைரியம் வரவில்லை. பிறகு கட்டினாள். அதற்குள் ரம்யாவின் அப்பா மாதையன் வங்கியில் சாவைச் சொல்லியிருந்தார். ‘கணக்குதாரர் இறந்துவிட்டார்’ என்ற சீட்டோடு செக் திரும்பிவந்தது.

“கட்டணம் மட்டும் முன்னாடி சேர்ந்திருந்தா, இறந்த பிறகும் பட்டம் குடுக்க வழி இருந்துச்சும்மா,” என்றார் துறைத்தலைவர். திரௌபதியைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

4

திரௌபதி மாதையன் வீட்டுக்குப் போனாள். (அவளை அங்கே அனுப்ப நான் மூன்று நாள் தயங்கினேன். அவளே கிளம்பிவிட்டாள்.)

மாதையன் களத்தில் புளி உலர்த்திக்கொண்டிருந்தார்.

“வாம்மா. பட்டம் எப்ப குடுப்பாங்க? மேடையில அவ பேரைச் சொல்வாங்களா?”

“அண்ணா… வராதுங்கண்ணா. அவ குடுத்த செக்கை நான் அன்னிக்கே கட்டல. என் தப்புதான்.”

அவர் புளியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “இன்னா வேலை இருந்துச்சு ஒனக்கு?” என்று கேட்டார்.

“ஒண்ணும் இல்லீங்கண்ணா.”

அழுதது திரௌபதிதான். அவர் உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார்.

“பட்டம் வேணாம். ஃபீசு கட்டிட்டான்னு ரம்யா பேர்ல ஒரு ரசீது எழுதிக் குடும்மா. அவ முடிச்சுட்டான்னு எனக்கு ஒரு சீட்டு வேணும்.”

5

விதிப்படி அவள் எழுதக் கூடாது. இறந்தவள் பெயரில் ரசீது கிடையாது. எழுதினால் வேலை போகலாம். எழுதினாலும் பட்டம் வராது. எழுதியதாக ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன், என் மனம் ஆறியது, அதனாலேயே அடித்தேன். மறுத்ததாக எழுதினேன், மாதையனின் முகத்தை எழுத முடியவில்லை.

கையில் பணத்தோடு அவர் நிற்கிறார். நான் இங்கேயே விலகிக்கொள்கிறேன். திரௌபதியின் இடத்தில் இனி நீங்கள் இருங்கள்.