ரெண்டு கையிலும் கறுப்புக் கோடு

இருபத்திரண்டு வருஷமாக ஊரார் வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கர்ட்டன் மாட்டிக்கொடுத்தவர், சொந்த மகளுக்காக அறைவாசலில் ஒரே ஒரு கம்பி மாட்டினார். அது சரியாகப் பதினோரு விநாடி நின்றது.

அந்தப் பதினோரு விநாடியில் மகள் இரண்டு தடவை தாடை கம்பிக்கு மேலே வரும்படி எம்பிவிட்டாள். மூன்றாவது தடவை பாதி வழியில் இருந்தபோது இடதுபக்க பிராக்கெட், உள்ளங்கை அகலத்துக்குச் சுவர்ப்பூச்சையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தது. கம்பி ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். வலது கையை ஊன்றி விழுந்தாள். கீழே நின்று கைதட்டி "விடாதே, விடாதே!" என்று கத்திக்கொண்டிருந்த அப்பாவுக்கு, விட்டது மகள் இல்லை, சுவர் என்று புரியவே சற்று நேரம் ஆனது.

அப்பாவை எல்லாரும் டேப் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் அளவு டேப் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. மகள் பிறந்தபோது நர்ஸ் சொன்ன நீளத்தை நம்பாமல், தானே அளந்து அரை இன்ச் கூட்டி எழுதச் சொன்ன ஆள். கம்பி மாட்டும்போதும் எல்லாவற்றையும் அளந்தார். வாசலின் அகலம், தரையிலிருந்து உயரம், இரண்டு பக்கமும் மட்டம். மகளை மட்டும் நிறுத்துப் பார்க்கவில்லை. பழக்கதோஷத்தில் கை தானாகப் பைக்குள் போய், ஒண்ணேகால் இன்ச் ஸ்க்ரூவையும் சுவர்த் துளையில் செருகுகிற மெல்லிசான பிளாஸ்டிக் ப்ளக்கையும் எடுத்துவிட்டது. துணி தொங்குவதற்கு அது தாராளம். தொங்கியது முப்பத்தாறு கிலோ.

பதினோரு வயதில் முப்பத்தாறு கிலோ. கதவு, கிராதி, மாடிப்படிக் கைப்பிடி என்று எதைக் கண்டாலும் தொற்றிக்கொள்வதால் வீட்டில் அவளுக்கு அணில் என்று பெயர். பள்ளியில் ஒரு கோச் மேடம் காலை ஆறரைக்குப் பிள்ளைகளுக்குப் பயிற்சி வகுப்பு எடுக்கிறார். ரப்பர் பட்டை, குச்சி, ஒரு கிலோ எடை, தொங்கி எம்ப ஒரு கம்பி, அவ்வளவுதான். மூன்று முறை எம்பினால் அடுத்த குழு. அணிலுக்கு இரண்டுதான் வந்துகொண்டிருந்தது. அதனால்தான் இந்தக் கம்பி.

"அம்மா… இல்ல, கண்ணு… எங்க வலிக்குது?" என்று டேப் உளறினார்.

அணில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்து அழுகையை விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "மூணாவது கணக்குல சேருமாப்பா?"

விரல்களை மடக்கச் சொன்னார், மடக்கினாள். ஐஸ் எடுத்துத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அதன்பிறகுதான் கடிகாரத்தைப் பார்த்தார். மனைவி வர இன்னும் முக்கால் மணி நேரம். அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவள் மனைவி. ஒரு புள்ளி இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிற கண். சுவரில் இருந்ததோ பள்ளம்.

அதற்குப் பிறகு டேப் செய்த காரியத்தை அவரே வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார். காரையைப் பெருக்கினார். கம்பியைக் கட்டிலுக்குப் பின்னால் தள்ளினார். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கிப் போகாத நீலக் கர்ட்டன் ஒன்று கிடந்தது, அதை எடுத்து அந்த வாசலில் பள்ளம் மறையும்படி மாட்டினார். இந்தத் தடவை இரண்டரை இன்ச் ஸ்க்ரூ போட்டார். துணிக்கு.

ஐஸ் மூட்டையோடு உட்கார்ந்திருந்த அணில், "இடதுபக்கம் கொஞ்சம் இறங்கியிருக்குப்பா" என்று மட்டம் சொன்னாள்.

மனைவி வந்ததும் முதலில் மகளின் கையைத்தான் பார்த்தாள். "என்னடி இது? என்னாச்சு?"

அணில் வாயைத் திறப்பதற்குள் டேப் முந்திக்கொண்டார். "எக்சர்சைஸ் பண்ணிக்கிட்டிருந்தா. மணிக்கட்டு பிசகிக்கிச்சு."

தனித்தனியாக எடுத்தால் ஒரு வார்த்தையிலும் பொய் இல்லை. மொத்தமாகப் பார்த்தால் உண்மையும் இல்லை.

"நான் அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேன்! வளர்ற பிள்ளைக்கு எடை தூக்கக் குடுத்தா மூட்டு தேஞ்சு போயிடும், வளர்த்தி நின்னுடும்னு. கேட்டீங்களா ரெண்டு பேரும்? போதும். நாளையிலிருந்து அந்த கிளாஸ் கிடையாது."

மகள் குதிப்பாள், கத்துவாள், உண்மையைப் போட்டு உடைப்பாள் என்று டேப் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அணில் அப்பாவைப் பார்த்தாள். நீலக் கர்ட்டனைப் பார்த்தாள். "சரிம்மா" என்றாள்.

இதைவிட அவள் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

"அட, கர்ட்டன்!" மனைவியின் குரல் சட்டென்று மாறியது. "பன்னெண்டு வருஷமா கேக்குறேன், இன்னிக்காவது மனசு வந்துச்சே." போனில் ஒரு படம் எடுத்துத் தன் அண்ணனுக்கு அனுப்பியும் விட்டாள்.

மறுநாள் காலை வீக்கம் வடியவில்லை. மனைவி வேலைக்குப் போக, டேப் மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். டியூட்டியில் இருந்த சின்ன டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு டாக்டர் நாலு மணிக்குத்தான் வருவார், அதற்குள் இரண்டு மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து வையுங்கள் என்று எழுதிக் கொடுத்தார்.

"அடிபட்டது ஒண்ணுதானே, எதுக்கு ரெண்டு?" என்று டேப் எக்ஸ்ரே எடுக்கிற பெண்ணிடம் கேட்டார்.

"எழுதியிருக்கு, எடுக்கிறேன். மத்ததெல்லாம் டாக்டர் சொல்வாங்க."

படம் பெரிய உறையில் வந்தது. டேப் அதை வராந்தா ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

மணிக்கட்டுக்குப் பக்கத்தில் எலும்பின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. ஓரத்திலிருந்து ஓரம் வரை. எலும்பின் நுனி, ஒரு மூடி மாதிரி தனியாக உட்கார்ந்திருந்தது. இடுப்பிலிருந்த அளவு டேப்பை எடுத்து அளந்தார் (வேறு என்ன செய்வார்?). இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. அது வலது கை. இடது கையைப் பார்த்தார். அங்கேயும் அதே கோடு, அதே மூடி.

இடது கை தரையைத் தொடவே இல்லையே! அப்படியானால் கம்பி விழுந்ததால் வந்ததில்லை இது. மனைவி சொன்னதுதான் சரி. நேற்று வாய்க்கு வந்தபடி அவிழ்த்துவிட்ட பொய், ராத்திரிக்குள் நிஜமாகி, மகளின் இரண்டு எலும்பையும் அறுத்து வைத்திருக்கிறது.

அணிலைப் பெஞ்சில் உட்கார வைத்து, நர்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, எதிர்த் தெருவில் இருந்த மருந்துக்கடைக்கு ஓடினார். கடை மனைவியின் அண்ணனுடையது.

"வாங்க மாப்பிள்ளை! கர்ட்டன் பிரமாதமாமே" என்று ஆரம்பித்த மச்சான், படத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "ஐயோ… ரெண்டுமா போச்சு?"

"எடை தூக்கினா இப்படி ஆகுமா மச்சான்?"

"ஆகும்னும் சொல்றாங்க. ஆகாதுன்னும் சொல்றாங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் மாத்திரை விக்கிறவன் மாப்பிள்ளை, படம் பார்க்கிறவன் இல்ல. ஒரு தைலம் தரவா?"

தைலத்தைக் கையில் வாங்கிக்கொண்டே கோச் மேடத்துக்குப் போன் போட்டார். நேராகக் கேட்க வாய் வரவில்லை.

"மேடம், ஒரு தெரிஞ்ச வீட்டுப் பொண்ணு… எடைப்பயிற்சி செஞ்சா சின்னப் பிள்ளைங்க மூட்டு கெட்டுப் போகுமா?"

"எந்தப் பொண்ணு? என்ன தூக்கினா? யார் பக்கத்துல நின்னாங்க?"

"இல்ல, பொதுவா கேக்குறேன்."

"பொதுவா கேட்டா பொதுவாத்தான் சொல்ல முடியும் சார். ஒழுங்கா செஞ்சா ஒண்ணும் ஆகாது, கண்டபடி செஞ்சா எது வேணா ஆகும். ஆமா, அணில் ஏன் இன்னிக்கு வரல?"

"சிக்னல் சரியில்ல மேடம்" என்று கட் செய்தார். அவர் நின்றது டவருக்குக் கீழே.

திரும்பி வந்தபோது அணில் பெஞ்சில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். வலது கையை மடியில், ஏதோ தூங்குகிற பூனையைப்போல வைத்திருந்தாள். டேப் பக்கத்தில் உட்கார்ந்தார். உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"நேத்து அம்மா கிளாஸ் கிடையாதுன்னப்போ, நீ ஏன்டா கம்பி விழுந்ததைச் சொல்லல?"

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன்."

"நேத்து பூராவுமா?"

"இன்னிக்கும்தான்."

சாதாரணமாகத்தான் சொன்னாள். கோபம் இருந்திருந்தால்கூட டேப் ஏதாவது சமாளித்திருப்பார். தைலப் புட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு மனைவி அச்சகத்திலிருந்து நேராக வந்துவிட்டாள். மூவரும் உள்ளே போனார்கள். எலும்பு டாக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. பேச்சைவிட விரல்தான் அதிகம் வேலை செய்தது. படங்களை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, அணிலின் மணிக்கட்டை ஒவ்வொரு இடமாக அழுத்தினார். ஓர் இடத்தில் அணில் 'ஸ்ஸ்' என்றாள்.

"எப்படி ஆச்சு?"

"எக்சர்சைஸ் டாக்டர்" என்றாள் மனைவி. "எடை தூக்கற கிளாஸ். வேண்டாம் வேண்டாம்னு சொன்னேன்."

டாக்டர் படத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "என்ன எடை தூக்கினே?"

"ஒரு கிலோ" என்றாள் அணில்.

"ஒரு கிலோவில இப்படி ஆகாதே. கையை ஊன்றி விழுந்த மாதிரியில்ல இருக்கு. விழுந்தியா?"

அணில் அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்குக் காது இரண்டும் சூடேறியது.

"விழுந்தா டாக்டர். அவ மேல தப்பில்ல. கிளாஸ் மேலயும் தப்பில்ல. நான் வீட்டு வாசல்ல ஒரு கம்பி மாட்டினேன். கர்ட்டனுக்குப் போடற ஸ்க்ரூவைப் போட்டு. இவ தொங்கினா, அது பிடுங்கிக்கிட்டு வந்துடுச்சு. நான் கீழேதான் நின்னேன். பிடிக்கக்கூட இல்ல. கைதட்டிக்கிட்டிருந்தேன்."

மனைவியின் முகம் வெளுத்து, பிறகு மொத்தமாகச் சிவந்தது.

"எந்த வாசல்ல?"

டேப் தலை குனிந்தார்.

"அந்தக் கர்ட்டன்…" என்று ஆரம்பித்தவளுக்கு மேலே வரவில்லை. வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "எங்க அண்ணனுக்குப் படம் அனுப்பினேனேய்யா! என் புருஷன் எனக்காக மாட்டினாருன்னு!"

"வீட்டுல போய் என்னை என்ன வேணா பண்ணு. இப்ப இதைக் கேட்டுக்கறேன்" என்றார் டேப். "டாக்டர், விழுந்தது வலது கை. இடது கையிலயும் எலும்பு ரெண்டா நிக்குதே? அது எடை தூக்கினதாலயா? இவ கை இனிமே வளராதா?"

டாக்டர் முதன்முறையாக நாற்காலியில் சாய்ந்தார்.

"இந்தக் கோட்டையா சொல்றீங்க? இது உடைஞ்சது இல்ல. வளர்ற பிள்ளைங்க எல்லாருக்கும் ரெண்டு கையிலயும் இது இருக்கும். எலும்பு நீள்றதே இந்த இடத்துலதான். குருத்தெலும்பு, அதனால படத்துல கறுப்பாத் தெரியுது. வளர்த்தி முடிஞ்சதும் தானா மூடிக்கும். உங்க கையில தேடினா இருக்காது."

டேப் தன்னையறியாமல் தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"இடது கையில ஒண்ணுமே இல்ல, ஒப்பிட்டுப் பார்க்கத்தான் அதையும் எடுக்கச் சொன்னது. வலது கையில அந்தக் குருத்து இடத்தோட ஓரத்துல லேசா அடிபட்டிருக்கு. விழுந்ததால. பெரும்பாலும் நல்லாக் கூடிடும். ஆறு மாசத்துல இன்னொரு படம் எடுத்து, சரியா வளருதான்னு நானே பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் உயரத்திலேர்ந்து விழுந்திருந்தா நான் இவ்வளவு நிதானமாப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்."

மனைவி மகளின் இடது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். அணில் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்க நினைப்பதை அவள் கேட்கப்போவதில்லை என்று டேப்புக்குத் தெரிந்தது. அவளுக்காகக் கேட்க வேண்டியவர் தான்தான் என்பதும் தெரிந்தது.

"காலையிலேர்ந்து யாரும் பிடி கொடுக்கல டாக்டர். நானும் யார்கிட்டயும் ஒழுங்காக் கேக்கல. இப்பக் கேக்கறேன். இந்த எடைப்பயிற்சி என் பொண்ணோட மூட்டைக் கெடுக்குமா, கெடுக்காதா? திரும்ப கிளாஸுக்கு அனுப்பலாமா?"

டாக்டர் டேப்பைப் பார்த்துச் சொல்லவில்லை. அணிலின் தாடையை ஒரு விரலால் நிமிர்த்தி, அவளைப் பார்த்துச் சொன்னார்.

"கெடுக்காது. நாலு வாரம் கட்டு, ரெண்டு வாரம் கையைப் பழக்கிக்கோ, அப்புறம் நீ போகலாம். கத்துக்குடுக்கத் தெரிஞ்சவங்க பக்கத்துல நிக்கணும், எடை கொஞ்சம் கொஞ்சமா ஏறணும், வலிச்சா அன்னிக்கு நிறுத்தணும். அப்படிச் செஞ்சா மூட்டும் தேயாது, உயரமும் நிக்காது. போதுமா?"