வலிக்காத கால்

தையல்காரிக்கு டாக்டர் என்றாலே ஆகாது. அவர் முகத்தைப் பார்க்கமாட்டார், சுகர் ரிப்போர்ட்டைத்தான் பார்ப்பார். பார்த்துவிட்டுத் திட்டுவார். சொந்த அக்கா அப்படியா? காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு கதை முழுக்கக் கேட்பாள். அப்புறம், தான் விற்கிற வேர்ப்பொடியை நீட்டுவாள். "மாத்திரையைத் தூக்கிப் போடு. எனக்கே சுகர் வேரோட போயிடுச்சு, பாரு!" இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது?

ஒருநாள் உடைந்த தையல் ஊசி உள்ளங்காலில் ஏறிவிட்டது. ரத்தத்தைப் பார்த்துத்தான் அவளுக்கே தெரிந்தது. துளி வலி இல்லை. அக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, பொடி வேலை செய்யுது! நரம்பெல்லாம் வலுவாயிடுச்சு!" சுகர் முற்றினால் கால் மரத்துப்போகும் என்று இரண்டு பேரில் ஒருத்திக்காவது தோன்ற வேண்டாமா? தையல்காரி, பைத்தியக்காரி, ஊசி குத்தியும் வலிக்காத கால் என்று தெருவெல்லாம் பெருமையடித்தாள். சீழ் வைத்தபோது, "கழிவு வெளியேறுது, நல்லதுதான்" என்றாள் அக்கா. தையல்காரி அதையும் நம்பினாள்.

விரல் கறுத்துக் காய்ச்சல் கண்ட பிறகுதான் ஆஸ்பத்திரி. "பாதத்தை எடுக்கணும். இன்னைக்கே வந்து சேருங்க" என்றார் டாக்டர். மிஷின் மிதிக்கிற கால். அதை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. நொண்டிக்கொண்டே அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா ஒரு வழி சொல்லாமலா இருப்பாள்?

அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். தாகம் தாங்காமல் இவள் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் இன்சுலின் இருந்தது. மருந்துக்கடை ஒட்டிய சீட்டில் அக்கா பெயர், போன வாரத் தேதி.

ஈரத்தலையோடு வந்த அக்கா அவள் கையில் அந்த இன்சுலினைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"பொடியிலயே குணமாச்சுன்னு சொன்னியேக்கா?"

"பொடி நல்ல பொடிதான்டி, சத்தியமா. ஊசியை நிறுத்திப் பாத்தேன். தலை சுத்திக் கீழ விழுந்துட்டேன். எனக்குப் பயமாயிடுச்சு."

யாரோ ஒருத்தி ஏமாற்றியிருந்தால் தையல்காரி வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பாள். அக்காவோ கூடப்பிறந்தவள்.

"எனக்கும்தானேக்கா பயமா இருந்துச்சு. அதைச் சொல்லத்தானே உன்கிட்ட வந்தேன்? என்னை மட்டும் ஏன்க்கா பயப்பட விடாம பண்ணின?"